இறங்கி வந்தோர்: அறிவியல் புனைகதையில் தெய்வமும் அரசும் ஒருமைச் சமுதாயமும்

ஜொகூர் ஆற்றங்கரையில் அமைந்த கோத்தா திங்கி வட்டாரம், மலாய் இலக்கியத்தின் பெருநூல் ஒன்று உருப்பெற்ற நிலம். 'செஜாரா மெலாயு' என்னும் அந்நூலின் முகவுரை 1612 ஆம் ஆண்டையும் பாசிர் ராஜா என்னும் ஊரையும் குறிக்கிறது. அவ்வூர் இம்மாவட்ட எல்லைக்குள் அடங்குவது. நூலை ஆக்கியவராகப் போற்றப்படும் துன் ஸ்ரீ லானாங், அன்றைய ஜொகூர் அரசின் பெண்டஹாரா. (பெண்டஹாரா என்னும் பதவிப் பெயரும் நம் 'பண்டாரம்' என்னும் சொல்லும் ஒரே வடமொழிச் சொல்லின் வழிவந்தவை.) அறிவியல் புனைகதையைப் பற்றி உரைக்க வந்த நாம் நானூறு ஆண்டுப் பழமையுடைய ஏட்டிலிருந்து தொடங்குவது மாணவர்க்கு வியப்பளிக்கலாம். ஆனால் வேற்றுலகுக்குக் கருவியில் ஏறிச் சென்ற மன்னரும், வானுலகிலிருந்து இறங்கி வந்த ஆட்சியாளரும், அவர்க்குப் பணிய இசைந்த மக்களும் அந்நூலில் இருக்கிறார்கள். அறிவியல் புனைகதை பின்னர் எடுத்தாண்ட பொருளிற் பெரும்பகுதி இது.

அந்நூலின் தொடக்கத்தில் இந்தியப் பெருநிலத்து மன்னர் ஒருவர் வருகிறார். ஏடுகள் அவரை ராஜா சூரான் என்றும் ராஜா சூலான் என்றும் பலவாறு பெயரிடுகின்றன. சோழன் என்னும் பெயரின் எதிரொலியை அதில் கேட்ட அறிஞர் பலர். 1025 அளவில் முதலாம் இராசேந்திரன் கடாரத்தின்மீது நடத்திய கடற்படையெடுப்பின் நினைவு இவ்வாறு தங்கியது என்பது அவர்கள் கருத்து. அவர் குலத்தார் வென்றதாகக் கூறப்படும் கருங்கற்கோட்டை ஒன்று ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் இருந்ததாகவும் நூல் சொல்கிறது. அக்கோட்டையைத் தேடும் ஆவல் 2005 இல் நாளிதழ்களில் பெரும் பரபரப்பாய் எழுந்து, பின்னர் அடங்கிற்று. நாம் கோட்டையைத் தேட வரவில்லை. நாம் தேடுவது ஒரு கண்ணாடிப் பேழையை.

நிலவுலகை வென்று முடித்த அம்மன்னர் கடலுக்குள் என்ன இருக்கிறது என்று அறிய விரும்பினார். கைவினைஞரை அழைத்து, உள்ளிருந்தே திறக்கவும் பூட்டவும் கூடிய கண்ணாடிப் பேழை ஒன்றைச் செய்வித்தார். சங்கிலியிற் பிணித்து அதனைக் கடலில் இறக்கினர். அடியாழத்தில் ஒரு நாடு இருந்தது. அந்நாட்டு அரசர், வந்தவர் எங்கிருந்து வருகிறார் என்று கேட்டறிந்து, தம் உலகையன்றி வேறோர் உலகமும் உண்டோ என்று வியந்தார். இவ்விடத்தில் மாணவர் சற்று நிற்க வேண்டும். இக்கதையில் வேற்றுலகத்திலிருந்து விசித்திர ஊர்தியில் வந்திறங்கியவர் நம்மவர். தமிழகத்துச் சோழரின் நினைவைச் சுமந்த ஒருவரை 'அயலுலகத்தார்' ஆக்கிப் பார்த்த முதற்கதைகளுள் இதுவும் ஒன்று. அவர் அங்கே மணம் புரிந்து, பிள்ளைகள் பிறந்தபின் மீண்டார்.

அக்குலத்தில் வந்த மூன்று இளைஞர் பின்னர் பலெம்பாங்கில் உள்ள புக்கிட் சிகுந்தாங் குன்றின்மீது தோன்றுகின்றனர். அன்றிரவு குன்றின்மேல் ஒளி எழுகிறது. வயலின் நெற்கதிர் பொன்னாகிறது. அங்கு உழுது வாழ்ந்த கைம்பெண்கள் இருவர் மேலேறிச் சென்று, நீங்கள் ஜின்களோ பரிகளோ என்று கேட்கின்றனர். இரண்டும் அல்லோம், மனிதரே என்று விடை வருகிறது. அதன்பின் ஒரு பசுவின் வாய்நுரையிலிருந்து ஒருவர் தோன்றி, வந்தவரைப் புகழ்ந்து வாழ்த்துரைக்கிறார். அவ்வாழ்த்து அம்மக்கள் பேசிய மலாயில் இல்லை. சிதைந்த வடமொழியில் இருந்தது. இறங்கி வந்தவரின் பெருமை மக்களுக்குப் புரியாத மொழியில்தான் முதலில் அறிவிக்கப்பட்டது. மொழியியல் பயின்ற நமக்கு, பொன்னான நெல்லைவிட இச்செய்தியே பெரிதாகத் தோன்றுகிறது.

பின்னர் உடன்படிக்கை வருகிறது. அந்நிலத்துத் தலைவர் டெமாங் லெபார் டாவுன், குடிகள் எத்துணைப் பிழை செய்தாலும் அவர்களை இழிவுசெய்யலாகாது என்று கேட்டார். இறங்கி வந்த சாங் சபுர்பா, தம் வழியினர் கொடுங்கோலரே ஆயினும் குடிகள் இரண்டகம் செய்யலாகாது என்று கேட்டார். டெமாங் இசைந்தார். ஆனால் ஒரு விதியையும் சேர்த்தார்: உங்கள் வழியினர் முதலில் மாறினால் எங்கள் வழியினரும் மாறுவர்.

அவ்விதி நிறைவேறிய இடம் இந்நகரம். 1699 இல் சுல்தான் மஹ்முட் ஷா கோத்தா திங்கியில், வெள்ளித் தொழுகைக்குப் பல்லக்கிற் சென்றபோது கொல்லப்பட்டார். கருவுற்ற பெண்ணொருத்தி வேட்கையால் பலாச்சுளை உண்டதற்காக அரசர் அவளைக் கொல்வித்தார் என்றும், கணவராகிய மெகாட் ஸ்ரீ ராமா பழிதீர்த்தார் என்றும் மரபுக்கதை கூறும். கம்போங் மாக்காமில் உள்ள அடக்கத்தலத்தை இங்குள்ளோர் யாவரும் அறிவர். ஜொகூர் அரியணையில் மலாக்காவின் நேர்வழி மன்னர் மரபு அதனோடு முடிந்தது.

வேற்றுலகிலிருந்து வந்தோரைப் பற்றிய கதை எதுவாயினும் மூன்று வினாக்களை எழுப்பும். வந்தவர் யார்? எந்த உடன்பாட்டின்பேரில் அவர்க்குப் பணிவது? அவர்கள் எம்மொழியிற் பேசுவர், நம்மை எப்பெயரால் அழைப்பர்? அறிவியல் புனைகதை முதல் வினாவில் பெருமகிழ்ச்சி கொள்ளும். இரண்டாவதை அவ்வப்போது தொடும். மூன்றாவதைப் பெரும்பாலும் மறந்துவிடும். தமிழராகிய நமக்கு மூன்றாவதே உயிர்நிலை.

முதலில் சொற்களைப் பார்ப்போம். வானவர், விண்ணவர், உம்பர், இமையவர், அமரர் என வானத்தில் வாழ்வோர்க்குத் தமிழில் சொற்பஞ்சம் என்றும் இருந்ததில்லை. எனினும் அறிவியல் புனைகதை தமிழுக்கு வந்தபோது எழுத்தாளர் எவரும் இச்சொற்களைத் தொடவில்லை. அவை சமயத்தின் உடைமையாகிவிட்டன. விண்கலத்திலிருந்து இறங்கும் ஒருவரை 'விண்ணவர்' என்று எழுதினால் வாசகர் கை கூப்பிவிடுவார். ஆகவே 'வேற்றுக்கிரகவாசி' என்னும் நீண்ட கூட்டுச்சொல் பிறந்தது. அச்சொல் அவர் எங்கே வசிக்கிறார் என்பதை மட்டும் சொல்லும். தெய்வமா விலங்கா என்பதைச் சொல்லாது. மலாய் மொழி வேறு வழியிற் சென்றது. 'மக்லுக் ஆசிங்' என்பதில் 'மக்லுக்' என்பது அரபுச் சொல்; படைக்கப்பட்டது என்று பொருள். பெயரிடும்போதே, வந்தவர் படைத்தவர் அல்லர், படைக்கப்பட்டவரே என்று தீர்ப்பு எழுதியாயிற்று. இரு சமுதாயங்களின் இறையியல் இவ்விரு சொற்களுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

இன்னொன்றும் கருதத்தக்கது. 'அவதாரம்' என்பதன் பொருள் இறங்குதல். 'ஆகமம்' என்பது வந்தது என்னும் பொருளுடையது. அதுவே மலாயில் 'அகாமா' ஆகிச் சமயத்தைக் குறிக்கும் பொதுச்சொல்லாயிற்று. மலாயில் 'துருன்' என்றால் இறங்கு. 'கெதுருனான்' என்றால் குலவழி. மேலிருந்து கீழே வருவதே தெய்வத்துக்கும் அரசுக்கும் இலக்கணம் என்று இச்சொற்கள் கருதுகின்றன. நம் 'கடவுள்' இதற்கு வேறானது. கடந்தும் உள்ளும் இருப்பவர் என்று வகுப்பறையில் விரித்துரைப்பது அழகுதான். ஆனால் 'செய்யுள்' என்பதிற்போல 'உள்' இங்கே பெயராக்க விகுதி என்பதே நம் கருத்து. கடத்தலையே அடியாகக் கொண்ட இச்சொல்லில் இறங்குதல் இல்லை.

இலக்கணத்தார் இவ்வினாவை நமக்கு முன்பே எதிர்கொண்டனர். தொல்காப்பியர் மக்கள் என்று கருதப்படுவோரையே உயர்திணை என்றார், பிறவெல்லாம் அஃறிணை. அவ்வாறாயின் தெய்வம் எத்திணை? தெய்வத்துக்குத் தனக்கென ஈறு கிடையாது, உயர்திணையின் ஈற்றைக் கொண்டே அது நடக்கும் என்று அவரே விளக்கினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் மக்கள், தேவர், நரகர் மூவரையும் உயர்திணையில் சேர்த்துவிட்டார். தெய்வம் மக்களிடமிருந்து ஈறுகளைக் கடன்வாங்கி நடப்பதாகத் தொல்காப்பியர் வரைந்த காட்சியே நமக்கு உகந்தது. வேற்றுலகத்தாரைக் கதையில் நிறுத்தும் எழுத்தாளர், முதல் வாக்கியத்தின் வினைமுற்றிலேயே முடிவெடுத்தாக வேண்டும்: வந்ததா, வந்தாரா? ஆங்கிலத்தில் இம்முடிவைப் பல பக்கங்களுக்குத் தள்ளிப்போடலாம். தமிழில் இயலாது.

தெய்வம்போன்ற வேற்றுலகத்தாரை உலக இலக்கியத்தில் நிலைநிறுத்திய நூல்களுள் முதன்மையானது ஆர்தர் சி. கிளார்க் 1953 இல் வெளியிட்ட 'சைல்டுஹூட்ஸ் எண்ட்'. பேரரசர்போல் வரும் அயலார் விண்கலங்களை நகரங்களின்மீது நிறுத்திப் போரையும் வறுமையையும் ஒழிக்கின்றனர். உலகம் ஒரே அரசாகிறது. ஐம்பது ஆண்டுகள் முகம் காட்டாதிருந்து இறுதியிற் காட்டும்போது, கொம்பும் சிறகும் வாலும் உடைய சாத்தானின் வடிவமாக இருக்கின்றனர். கடந்த காலத்தைக் காட்டும் கருவி ஒன்று அவர்களிடம் உண்டு. சமயங்களின் தொடக்கங்களை மக்கள் அதில் நேரே கண்டதும், சமயங்கள் உதிர்கின்றன. நூலிற் கூறப்படும் கருத்துகள் ஆசிரியருடையன அல்ல என்று கிளார்க்கே முகப்பில் அச்சிட்டிருந்தார் என்பது சுவையான செய்தி.

இந்நூலை எழுதிய சில ஆண்டுகளில், 1956 இல், அவர் இலங்கையிற் குடியேறினார். அவ்வாண்டே அவரும் மைக் வில்சனும் திருகோணமலைக் கடலில் மூழ்கி, திருக்கோணேச்சரத்தின் இடிபாடுகளைக் கண்டனர். திருஞானசம்பந்தர் பாடிய அத்தலம் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்ச்சுக்கீசியரால் இடிக்கப்பட்டது. கற்கள் பாறையின் கீழே கடலில் வீழ்ந்து கிடந்தன. கண்ணாடி முகமூடி அணிந்து கடலடியில் இறங்கிய அயல்நாட்டவர் ஒருவர், சமயங்கள் ஒருநாள் உதிரும் என்று கற்பனை செய்தவர், தேவாரம் பெற்ற கோயிலின் தூண்களைக் கையால் தொட்டார். ராஜா சூரானின் பேழையை நாம் இங்கே நினையாதிருக்க முடியவில்லை. கருவிகொண்டு கண்டதும் நம்பிக்கை உதிரும் என்பது நாவலின் கணக்கு. திருகோணமலையில் நடந்தது நேர்மாறு. கடலிற் கண்டவை அடியாரை மேலும் ஈர்த்தன.

நம் நாட்டிலும் ஒரு சான்று உண்டு. 2007 அக்டோபரில், நோன்பு மாதத்தில், மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குச் சென்றார். நாளொன்றுக்குப் பதினாறு முறை அளவில் நிலவுலகைச் சுற்றும் இடத்தில் தொழுகைக்கு நேரம் எது, கிப்லாத் திசை எது என்னும் வினாக்கள் எழுந்தன. அறிஞர் கூடி வழிகாட்டி வகுத்தனர்: ஏவப்பட்ட இடத்தின் நேரத்தைக் கொள்க, இயன்றால் காபாவை நோக்குக, இயலாவிடில் நிலவுலகை நோக்குக, அதுவும் இயலாவிடில் இயன்ற திசை. புனைகதையாளர் பலர் விண்கலத்தில் ஏற மறுத்த சமயம், இயல்பாக ஏறி அமர்ந்துகொண்டது. அவ்வீரரைக் குறிக்கும் 'அங்காசாவான்' என்னும் மலாய்ச் சொல்லுக்குள் நம் 'ஆகாசம்' இருப்பதை ஆசிரியர்கள் வகுப்பிற் சுட்டலாம்.

தமிழ் தன் முதல் வேற்றுலகத்தாரை எவ்வாறு வரவேற்றது? 1963 இல் அ. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்து வெளிவந்தது 'கலை அரசி'. அறிவியலில் முதிர்ந்தும் இசையும் ஆடலும் அறியாத ஓர் உலகத்தினர், தமக்குக் கலை கற்பிக்க நிலவுலகப் பாடகி ஒருத்தியைக் கவர்ந்து செல்கின்றனர். படத்தைச் சிரித்துத் தள்ளுவோர் உண்டு. பறக்கும் தட்டைப் பார்த்தால் நமக்கும் சிரிப்பு வரும். எனினும் அக்கதையின் உள்ளீடு எளியதன்று. மேலிருந்து வந்தவர் அருள வரவில்லை, ஆள வரவில்லை, கற்க வந்தனர். கையேந்தி வந்த வானவரைக் காட்டிய அத்திரைக்கதையை, பணிந்து நிற்கும் மனிதரையே காட்டிய பல பெருநாவல்களுக்கு எதிரே வைத்துப் படிக்கலாம்.

இனி நம் பொருளின் நடுவுக்கு வருவோம். சுஜாதா 1980களில் ஆனந்த விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா' தமிழில் ஒருமைச் சமுதாயத்தை முழுமையாகக் கற்பனை செய்த நாவல். அதற்கு முன்பே 'சொர்க்கத் தீவு' நூலில் கணிப்பொறியால் ஆளப்படும் தீவு ஒன்றை அவர் முயன்று பார்த்திருந்தார். இயந்திராவில் எதிர்கால இந்தியாவை ஜீவா என்னும் தலைவர் ஆள்கிறார். பூசலில்லை, பட்டினியில்லை. பிள்ளை பெற அரசின் இசைவு வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. பெயர்கள் இரண்டெழுத்தில் அடங்க வேண்டும்: நிலா, சிபி, ரவி, மனோ. ஜீவாவைத் திரையில் யாவரும் காண்கின்றனர். நேரிற் கண்டவர் இல்லை. இறுதியில் அவர் ஆளே அல்லர், ஒளியால் ஆன வெற்றுருவம் என்பது வெளிப்படுகிறது.

தலைவர் வெற்றுருவம் என்னும் திருப்பத்தையே வாசகர் நினைவிற் கொண்டுள்ளனர். நாம் இரண்டெழுத்துப் பெயரையே பெரிதாகக் கருதுகிறோம். திருவரங்கத்தில் வளர்ந்தவர் சுஜாதா. ஆயிரம் திருப்பெயர்களால் இறைவனை விளிக்கும் மரபை நாள்தோறும் கேட்டவர். அவர் ஒரு கொடுங்கோன்மையைக் கற்பனை செய்தபோது, அது முதலில் வெட்டியது பெயரின் நீளத்தை. தந்தை பெயர், ஊர்ப்பெயர், குலதெய்வத்தின் பெயர், பாட்டியின் நினைவு எல்லாம் தமிழ்ப்பெயரின் நீளத்தில்தான் தங்கியிருக்கின்றன. சாதியும் அங்கேதான் தங்கியிருக்கிறது என்று கூறி ஜீவாவின் ஆணையை ஒருவர் பாராட்டக்கூடும். அவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஒருமைச் சமுதாயம் நம்மை மயக்குவதே அதன் சொற்களிற் பாதி உண்மையாக இருப்பதால்தான். ஆனால் சாதியை நாமே களைவது வேறு. இன்னார் பேரன் என்பதையும் சேர்த்து ஒருவர் திரையிலிருந்து களைவது வேறு.

இப்பகுதியில் வளர்ந்தோர்க்கு இது புனைகதையாகத் தோன்றாது. எம் பாட்டனார் ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர். ஐந்தெழுத்துக்கு மேற்பட்ட அவருடைய பெயரைக் கிராணி பதிவேட்டில் மூன்றெழுத்தாக்கினார். சம்பள நாளில் அவர் ஓர் எண். விடியற்காலைப் பிரட்டில் அவ்வெண்ணும் அக்குறும்பெயருமே அழைக்கப்பட்டன. துரை குன்றின்மேல் பங்களாவில் இருந்தார். தொழிலாளர் பலர் அவர் முகத்தை ஆண்டுக்கு ஒருமுறை கண்டால் அரிது. ஒரே வேலை, ஒரே வடிவ வீடு, ஒரே மணியோசை. வெளியிலிருந்து பார்ப்போர்க்கு அது ஒழுங்கான சமுதாயமே. ஆனால் லயத்தின் கோடியில் மாரியம்மன் கோயில் இருந்தது. அர்ச்சனையின்போது பூசாரி கேட்ட பெயர் முழுப்பெயர்; நட்சத்திரத்தோடு கூடிய பெயர். பதிவேட்டில் இழந்ததை அவர்கள் ஆண்டுதோறும் அங்கே திரும்பப் பெற்றனர். சமயம் பற்றிய அறிவியல் புனைகதைகளில் நாம் காணாத பயன் இது. கடவுள் உண்டா இல்லையா என்று அவை வாதிடும். கோயில் ஒரு பெயர்க்காப்பகமாகவும் இருக்கலாம் என்பது அவற்றுக்குத் தோன்றவில்லை.

ஒன்றுபட்ட உலகம் எம்மொழி பேசும்? 1966 இல் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' தொலைக்காட்சித் தொடரில் நிலவுலகம் பூசலின்றி ஒன்றாகியிருக்கிறது. அனைத்தையும் பெயர்க்கும் கருவி ஒன்றும் இருக்கிறது. ஆனால் மனிதர் பேசும் மொழி எது என்னும் வினா பெரிதும் எழுவதில்லை; அது ஆங்கிலமாகவே ஒலிக்கிறது. தொடரின் திரைப்படங்களுக்காக மொழியியலாளர் மார்க் ஒக்ராண்ட் கிளிங்கோன் என்னும் அயலினத்தார்க்கு இலக்கணமும் சொற்றொகுதியும் ஆக்கி, 1985 இல் அகராதியே வெளியிட்டார். எதிர்முனையில் நின்றோர்க்குத் தனிமொழி கிடைத்தது. ஒன்றுபட்ட மனிதர்க்குப் பெயரில்லாத மொழி கிடைத்தது. எம் தொழிலைச் சேர்ந்த ஒருவர் செய்த அப்பணியை நாம் மதிக்கிறோம். ஆயினும் தமிழ்ப் பிள்ளை அத்தொடரைக் காணும்போது, எதிர்காலத்தில் தன் மொழி இருக்குமோ என்னும் ஐயம் சொல்லாமலே அதன் மனத்தில் விதைக்கப்படுகிறது. வேற்றுலகத்தாரின் மொழியைக் காட்டுமளவுக்குத் தன் பேரனின் மொழியை எந்த விண்கலமும் காட்டவில்லை.

உலக ஒருமைக்குத் தமிழர் எடுத்துக்காட்டும் சான்று கணியன் பூங்குன்றனாரின் பாடல், புறநானூற்றில் 192 ஆவது. அதன் முதலடியை எல்லா மேடையிலும் கேட்கிறோம், இம்மேடையிலும் கேட்டிருப்போம். இறுதியடிகளை மாணவர் பலர் அறியார். பெரியோரைக் கண்டு மலைத்து நிற்கவும் மாட்டோம், சிறியோரை இகழ அதனினும் மாட்டோம் என்னும் கருத்தோடு பாடல் முடிகிறது. எல்லா ஊரையும் தம் ஊராகக் கொண்ட புலவர், தெய்வம்போல் வந்து நிற்பவர்முன் மலைத்துப்போவதையும் அதே மூச்சில் மறுத்துவிட்டார். கிளார்க்கின் நாவலில் அயலார்முன் மலைத்துநின்ற உலகம் வேறு; இவர் பாடிய உலகம் வேறு.

ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்பறைப் பயிற்சியைச் சொல்லி அமைகிறோம். சுஜாதாவின் நாவலில் ஜீனோ என்னும் இயந்திர நாய் சிந்திக்கிறது, புத்தகம் படிக்கிறது, கிண்டல் செய்கிறது. கதைசொல்லி அதனை 'என்றது' என்றே எழுதுகிறார். வெற்றுருவமாகிய ஜீவாவுக்கோ 'அவர்' கிடைத்திருந்தது. இன்று கைப்பேசியிற் பேசும் குரலுக்கு மாணவர் எந்த ஈற்றைத் தருகின்றனர் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சில மாதங்களுக்கு முன் நாம் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான்காம் வகுப்பில் கேட்டோம். பெரும்பாலோர் 'சொல்லுது' என்றனர். ஒரு சிறுமி 'சொல்றாங்க' என்றாள். ஏனம்மா என்றோம். கேட்ட கேள்விக்கெல்லாம் விடை சொல்வதால் என்றாள். அருகிலிருந்த சிறுவன் உடனே, ஆனா நம்ம பேரை அது தப்பா சொல்லுது என்றான்.